இருபத்தெட்டாவது வரியை உடனே திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் இளைஞர் இணைப்பில் நடுப்பக்கம் முழுவதும் ‘சர்வர் கிளஸ்டரை நிர்வகிக்கும் கட்டளைகள்’ என்று ஓர் அட்டவணை வந்திருந்தது. இடது பக்கம் கட்டளை, வலது பக்கம் தமிழில் அதன் பொருள், மொத்தம் முப்பத்தாறு வரிகள். அதில் இருபத்தெட்டாவது வரி தவறு. சாதாரணத் தவறாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அதை நம்பி ஒருவர் அந்தக் கட்டளையை அடித்தால் அவர் வேலை பார்க்கும் இடத்தின் மொத்தத் தரவும் பாழாகலாம். மற்ற திருத்தங்களையும் கீழே சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது அடுத்த இணைப்பிலேயே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் கோத்தகிரிக்காரி. குன்னூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் பதினான்கு வருஷமாக சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் அட்டவணையைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தமிழில் இப்படி ஒன்றும் கிடையாது. ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு இரவெல்லாம் படித்தவள் நான். எங்களிடம் இப்போது வேலை பழக வந்திருக்கும் இரண்டு பிள்ளைகளும் தமிழ் வழியில் படித்தவர்கள். திங்கட்கிழமை காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து ரேக்கின் கதவில் செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ‘மேடம், எல்லாம் தமிழ்லயே இருக்கு’ என்று அந்தப் பெண் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், இதை நிறுத்திவிடாதீர்கள். திருத்திக்கொண்டு தொடர்ந்து போடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டளைகளை இந்தக் கடிதத்தில் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். இவை படித்துப் புரிந்துகொள்ள மட்டும். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

கிளஸ்டர் என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். ஒரே வேலைக்கு இரண்டு சர்வர் வைத்திருப்போம். ஒன்று வேலை செய்யும், மற்றது தயாராக நிற்கும். இரண்டும் ‘இருக்கியா, இருக்கேன்’ என்று ஓயாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். ஓடுகிற சர்வர் விழுந்தால் நிற்கிற சர்வர் வேலையை எடுத்துக்கொள்ளும். எங்களிடம் இருப்பதும் அப்படி இரண்டுதான். பழைய கட்டடத்தில் இருப்பதற்குத் தொட்டபெட்டா என்றும், புதுக் கட்டடத்தில் இருப்பதற்கு ரங்கசாமி என்றும் பெயர். இரண்டும் எங்கள் மலைச் சிகரங்கள். நோயாளிகளின் பதிவு, ஆய்வக முடிவு, மருந்துக் கணக்கு எல்லாம் இருக்கும் ஸ்டோரேஜ் மட்டும் ஒன்றே ஒன்று. அதில் ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் எழுதலாம். இரண்டும் சேர்ந்து எழுதினால், ஒரு நோட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு பேர் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிடும். பிறகு யார் எழுதியதையும் படிக்க முடியாது.

ஒரு சர்வரிடமிருந்து திடீரென்று பதில் வரவில்லை என்றால்? அது செத்துவிட்டதா, அல்லது நடுவில் இருக்கும் கேபிள் மட்டும் அறுந்ததா? மற்ற சர்வருக்குத் தெரியாது. மலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வாரம், சொந்தக்காரர்களுக்கு எத்தனை முறை ஃபோன் போட்டிருப்போம். மணிகூட அடிக்கவில்லை. ஃபோன் போகவில்லை என்பதற்காக ஆளே இல்லை என்று யாராவது முடிவு செய்தோமா? மூன்று சர்வர் இருந்தால் இரண்டு ஒரு பக்கம் சேர்ந்து பெரும்பான்மை பேசலாம். இரண்டே இருக்கும் இடத்தில் நடுவர் கிடையாது.

அதனால் கிளஸ்டர் ஒரு முரட்டு வழி வைத்திருக்கிறது. பதில் சொல்லாத சர்வரின் மின்சாரத்தை வேறொரு பாதை வழியாக வெட்டிவிடும். வெட்டியாயிற்று என்று தெரிந்த பிறகுதான் ஸ்டோரேஜைத் தொடும். இதற்கு ஆங்கிலத்தில் ஃபென்சிங் என்று பெயர், ஸ்டோனித் என்றும் சொல்வார்கள். ஸ்டோனித் என்பது ‘மற்ற நோடின் தலையில் சுடு’ என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துச் சுருக்கம். நோடு என்றால் கிளஸ்டரில் இருக்கும் ஒரு சர்வர், உங்கள் அட்டவணையில் அதைக் கணு என்கிறீர்கள். உங்கள் அட்டவணையில் இதைப் ‘பாதுகாப்பு வேலி’ என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் வேலி என்றால் கேரட் தோட்டத்துக்குள் காட்டெருமை வராமல் இருக்கப் போடுவது. அதைப் படித்த பிள்ளை, வெளியாட்கள் சர்வருக்குள் நுழையாமல் தடுக்கும் ஏற்பாடு என்றுதான் நினைப்பான். எங்களிடம் இருக்கும் பையன் அப்படித்தான் நினைத்திருந்தான். ‘மின்சாரத்தைத் துண்டித்து விலக்குதல்’ என்று போட்டால் கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

இப்போது இருபத்தெட்டாவது வரி. பிசிஎஸ் என்பது கிளஸ்டருக்குக் கட்டளை கொடுக்க நாங்கள் பயன்படுத்தும் நிரல். ‘பிசிஎஸ் ஸ்டோனித் கன்ஃபர்ம்’ என்ற கட்டளைக்கு நேரே ‘கணு நின்றுவிட்டதா என்பதை உறுதிசெய்யும்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இது தலைகீழ். அந்தக் கட்டளை எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை. மின்சாரத்தை வெட்டும் கருவியும் வேலை செய்யாமல் போன நேரத்தில், ஒரு மனிதர் நேரில் போய், அந்த சர்வர் அணைந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, ‘பார்த்துவிட்டேன், அது அணைந்துவிட்டது, நீ வேலையை எடுத்துக்கொள்’ என்று கிளஸ்டருக்குச் சொல்லும் கட்டளை அது. கிளஸ்டர் அதை அப்படியே நம்பும். அடுத்த நொடி ஸ்டோரேஜைத் திறக்கும். நேரில் பார்க்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது, தரவு பாழாகும் என்று ஆங்கிலக் கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. தமிழுக்கு வரும்போது அந்த எச்சரிக்கை விழுந்துவிட்டது, பொருளும் புரண்டுவிட்டது.

இதை இவ்வளவு வற்புறுத்தி எழுதக் காரணம், இதே தவறு எனக்கு நேர்ந்திருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைப் போட்டு வாங்கும் மாதம். மூன்று நாளாக மழை. மேட்டுப்பாளையம் போகும் இரண்டு ரோட்டிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றிருந்தது. இரவு இரண்டு மணிக்கு மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் எடுத்தது, ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தில் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று எரிந்துவிட்டது. இரண்டு சர்வரும் பேசிக்கொள்வது அந்த ஸ்விட்ச் வழியாக. மின்சாரத்தை வெட்டும் கட்டளை போவதும் அதே வழியாக. அது ஒரு பெரிய வடிவமைப்புக் குறை, இப்போது இரண்டையும் பிரித்துவிட்டோம். அன்று அது எனக்குத் தெரியாது. மருந்தகத்தில் இருந்து ஃபோன் வந்தது, ஸ்கிரீன் நின்றுவிட்டது என்று. புதுக் கட்டடத்தில் ரங்கசாமியின் முன் போய் உட்கார்ந்தேன். தொட்டபெட்டாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘அன்க்ளீன், ஆஃப்லைன்’ என்று இருந்தது. இன்டர்நெட் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் எஞ்சினியருக்கு ஃபோன் போகவில்லை. கிளஸ்டரை நிறுவிக்கொடுத்தவர்கள் விட்டுப்போன, லேமினேட் செய்த ஒரு தாள் மட்டும் சுவரில் தொங்கியது. அதில் கன்ஃபர்ம் கட்டளைக்கு நேரே, மற்ற நோடு நின்றுவிட்டதா என்று சரிபார்க்க, என்று இருந்தது. சரி, சரிபார்ப்போம் என்று அடித்தேன்.

அந்தக் கட்டளையை வெறுமனே அடித்தால் பிசிஎஸ் நம்மை எச்சரித்து, நிச்சயமாகச் செய்யவா என்று ஒரு கேள்வி கேட்கும். தாளில் கட்டளையின் கடைசியில் ‘ஃபோர்ஸ்’ என்ற சொல்லையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அது சேர்ந்தால் கேள்வி வராது. எனக்கு வரவில்லை. உங்கள் அட்டவணையின் இருபத்தெட்டாவது வரியிலும் அதே ஃபோர்ஸ் சேர்ந்து வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது.

தொட்டபெட்டா அணையவே இல்லை. பழைய கட்டடத்தில் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டோரேஜுக்குத் தனி ஃபைபர், அது அறுபடவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவின் இரண்டு கம்ப்யூட்டர்கள் அந்தக் கட்டடத்திலேயே வேறு ஸ்விட்சில் இருந்ததால் தொட்டபெட்டாவில் பதிவு போட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தப் பக்கம் ரங்கசாமியும் அதே ஸ்டோரேஜைத் திறந்து எழுத ஆரம்பித்தது. இருபது நிமிஷம். அதற்குள் டேட்டாபேஸ் ஒவ்வொரு டேபிளாகப் பிழை சொல்லத் தொடங்கியது. குடையை எடுத்துக்கொண்டு பழைய கட்டடத்துக்கு ஓடினேன். கதவைத் திறந்தபோது இருட்டில் தொட்டபெட்டாவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பச்சை விளக்கை என்னால் மறக்க முடியாது.

முந்தின இரவு பதினொரு மணிக்கு எடுத்த பேக்கப் நன்றாக இருந்தது. அதிலிருந்து மீட்டோம். அதற்குப் பிறகு வந்த பதிவுகள் எல்லாம் போய்விட்டன. ஆய்வக ரிஜிஸ்டர், மருந்துச் சீட்டு, வார்டில் நர்ஸ்கள் கையால் எழுதி வைத்த சார்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆய்வகத்து அக்கா ஒருவர் வாசிக்க வாசிக்க நான் திரும்ப ஏற்றினேன். இரண்டு நாள் ஆனது. யாருக்கும் மருந்து மாறவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நர்ஸ்கள் காகிதத்தை விடாமல் எழுதியதால் தப்பித்தோம்.

என் அண்ணன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கிறார். நடந்ததை அவரிடம் சொன்னேன். அவருக்குக் கிளஸ்டர் தெரியாது, ஆனால் உடனே புரிந்துகொண்டார். ‘இது எல்.சி. திருப்பிக் கொடுக்கிற மாதிரி’ என்றார். லைனில் வேலை செய்யும் முன் சப்ஸ்டேஷனில் இருந்து லைன் க்ளியர் வாங்குவார்கள், அதைத்தான் எல்.சி. என்பார்கள். வேலை முடிந்து எல்லாரும் கம்பத்தை விட்டு இறங்கிய பிறகு, வாங்கிய ஆளே அதைத் திருப்பிக் கொடுப்பார். சப்ஸ்டேஷனில் இருப்பவருக்குக் கம்பம் கண்ணுக்குத் தெரியாது. ‘ஆள் இறங்கிவிட்டார்’ என்ற சொல்லை நம்பித்தான் அவர் லைனைப் போடுகிறார். கம்பத்தின் கீழே நின்று மேலே பார்க்காமல் ஒருவர் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டார். ஆகவே அந்தக் கட்டளைக்கு நான் எழுதித் தரும் வரி இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘மற்ற நோடு அணைந்திருப்பதை நேரில் போய்ப் பார்த்த பிறகு மட்டும், அதைக் கிளஸ்டருக்குத் தெரிவிக்கும் கட்டளை. பார்க்காமல் அடித்தால் தரவு அழியும்.’ ஃபோர்ஸ் என்ற சொல்லை அட்டவணையில் இருந்து எடுத்துவிடுங்கள். தேவைப்படுகிறவர் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்.

அட்டவணையை எழுதியவர் அக்கறை இல்லாமல் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. ‘உறுதிசெய்’ என்ற சொல் தமிழில் இரண்டு பக்கமும் பேசுகிறது. ரயிலில் இடம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள் என்றால் விசாரித்துப் பார் என்று பொருள். வருவதாக உறுதிசெய்தார் என்றால் வாக்குக் கொடுத்தார் என்று பொருள். பொதுப் பேச்சில் இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. கட்டளைக்குப் பொருள் எழுதும் இடத்தில் மட்டும் இந்தச் சொல்லைத் தொடவே கூடாது. சரிபார், தெரிவி என்று இரண்டு தெளிவான சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. நிறுவிக்கொடுத்தவர்கள் தாளில் நடந்ததும் இதுதான் என்று இப்போது ஊகிக்கிறேன். யாரோ தமிழில் உறுதிசெய் என்று எழுத, இன்னொருவர் அதைச் சரிபார் என்று ‘எளிமை’ ஆக்கியிருப்பார்.

சுத்தம் என்ற சொல்லிலும் இதே சிக்கல். ‘அன்க்ளீன்’ என்பதை நீங்கள் ‘அசுத்த நிலை’ என்கிறீர்கள். மூன்று வரி தள்ளி ‘கிளீனப்’ என்ற கட்டளைக்குச் ‘சுத்தம்செய்யும்’ என்கிறீர்கள். அசுத்தத்தைக் கண்டவர் எதை அடிப்பார்? நேராக சுத்தம்செய்யப் போவார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அன்க்ளீன் என்றால் அந்த நோடின் நிலை தெரியவில்லை, இன்னும் துண்டிக்கப்படவில்லை என்று பொருள். கிளீனப் என்பது ஏதோ ஒரு சேவை முன்பு தோற்றுப்போன குறிப்பை அழித்து, மறுபடி முயற்சி செய்யச் சொல்வது. பக்கத்து வரியில் இருக்கும் ‘ரிஃப்ரெஷ்’ அதைவிடப் பெரிய வேலை. பழைய குறிப்பு அத்தனையையும் மறந்துவிட்டு, எது எங்கே ஓடுகிறது என்று முதலில் இருந்து பார்க்கச் சொல்வது. முன்காலப் பதிப்புகளில் கிளீனப் என்று அடித்தாலே அந்தப் பெரிய வேலைதான் நடக்கும். பிற்பாடு இரண்டாகப் பிரித்தார்கள். நீங்கள் இரண்டுக்கும் ஒரே பொருள் கொடுத்திருக்கிறீர்கள்.

பன்னிரண்டாவது வரியும் ஆபத்தானது. ‘கிளஸ்டர் ஸ்டாப்: தற்காலிகமாக நிறுத்தும். கிளஸ்டர் டெஸ்ட்ராய்: முழுமையாக நிறுத்தும்.’ டெஸ்ட்ராய் நிறுத்துவதோடு விடாது, அந்த நோடில் கிளஸ்டருக்கு எழுதி வைத்த அமைப்பு முழுவதையும் நிரந்தரமாக அழித்துவிடும். ‘அமைப்பை அழித்துவிடும், திரும்ப வராது’ என்று எழுதுங்கள். சிவப்பு எழுத்தில் போட முடிந்தால் இன்னும் நல்லது. என் அப்பா வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியில் ட்ரையருக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. எப்படி ஓட்டுவது என்ற வரிகளுக்கு மேலே, முதல் வரியாக, சிவப்பு பெயின்டில் ‘நெருப்பை இழுக்காமல் ஃபேனை நிறுத்தாதே’ என்று எழுதியிருக்கும். செய்யக் கூடாததை முதலில் வைத்தார்கள். வாசிக்கிற ஆள் கடைசி வரி வரைக்கும் வருவார் என்று அந்தப் பலகையை எழுதியவர் நம்பிக்கொண்டு இருக்கவில்லை.

அப்புறம் அச்சுக் கோளாறு. கட்டளையோடு சேரும் விருப்பச் சொற்களுக்கு முன்னால் இரண்டு சிறு கோடு வர வேண்டும். ‘கோடு கோடு ஆல்’ என்று சேர்த்தால்தான் நிறுத்தும் கட்டளை எல்லா நோடுகளுக்கும் போகும், சேர்க்காவிட்டால் நாம் உட்கார்ந்திருக்கும் நோடு மட்டும் நிற்கும். உங்கள் பக்கத்தில் அந்த இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கோடாக வந்திருக்கின்றன. பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் தானாகவே இப்படி மாற்றிவிடும், அதைச் செய்யவிடாமல் நிறுத்தவும் முடியும். கதைக்கு அந்த நீளக் கோடு அழகு. கட்டளைக்கு அது வேறு எழுத்து. மின்னிதழில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டினால், அது ஏதோ ஒரு நோடின் பெயர் என்று கணினி எடுத்துக்கொள்ளும். எங்கள் பிள்ளைகள் அரைமணி நேரம் இதில் உட்கார்ந்திருந்தார்கள். அச்சில் பார்த்து ஒற்றைக் கோடு போட்டு அடித்தார்கள், அதுவும் ஏற்கவில்லை. ‘நமக்குத்தான் வரலை போல’ என்று அந்தப் பையன் சொன்னான். அவனுக்கு நன்றாகவே வருகிறது. தவறு தாளில் இருந்தது.

அடைப்புக்குறிகளும் மாறியிருக்கின்றன. கையேட்டு வழக்கத்தில் சதுர அடைப்புக்குள் இருப்பது வேண்டுமானால் சேர்க்கலாம் என்பது, அடைப்பை அடிக்கக் கூடாது. நீங்கள் எல்லாவற்றையும் வளைந்த அடைப்பாக்கிவிட்டீர்கள். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் வளைந்த அடைப்புக்குத் தனி வேலை உண்டு. ‘இதுவோ அதுவோ’ என்பதற்கான நிமிர்ந்த கோடு இரண்டு இடத்தில் ‘1’ என்ற எண்ணாக மாறியிருக்கிறது. அட்டவணையின் அடியில் இந்தக் குறிகளுக்கு மூன்று வரி விளக்கம் போதும்.

எந்தப் பதிப்புக்கான கட்டளை என்று எங்குமே குறிப்பிடவில்லை. ஒரு நோடை ஓய்வில் வைக்கும் கட்டளை முன்பு ‘பிசிஎஸ் கிளஸ்டர் ஸ்டாண்ட்பை’. ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின், 2019இல் வந்த 8ஆம் பதிப்பு முதல் அது ‘பிசிஎஸ் நோட் ஸ்டாண்ட்பை’. நோடுகளை அறிமுகப்படுத்தும் ‘கிளஸ்டர் ஆத்’ அப்போதே ‘ஹோஸ்ட் ஆத்’ ஆகிவிட்டது. நீங்கள் முதலாவதற்குப் புதுப் பெயரையும் இரண்டாவதற்குப் பழைய பெயரையும் போட்டிருக்கிறீர்கள். பெயர் மாறினால் பரவாயில்லை, கணினியே பிழை சொல்லும். பெயர் அப்படியே இருந்து நடத்தை மாறிய கட்டளைதான் மோசம். ‘ரிசோர்ஸ் மூவ்’ அப்படிப்பட்டது. பழைய பதிப்புகளில், எங்கே போக வேண்டும் என்று சொல்லாமல் அதை அடித்தால், சேவையை அடுத்த சர்வருக்கு நகர்த்துவதோடு ‘பழைய சர்வரில் இனி ஓடவே கூடாது’ என்று ஒரு விதியையும் எழுதி வைத்துவிடும். இரண்டே சர்வர் உள்ள இடத்தில் இதன் அர்த்தம் என்ன? பராமரிப்பு முடிந்து எல்லாம் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்து இரண்டாவது சர்வர் விழும் அன்று, முதல் சர்வர் முழு ஆரோக்கியத்தோடு சும்மா நிற்கும். சேவை எழாது. ‘ரிசோர்ஸ் கிளியர்’ அடித்து அந்த விதியை எடுத்திருக்க வேண்டும். 2022இல் வந்த 9ஆம் பதிப்பில் மூவ் கட்டளையே அந்த விதியை எடுத்துவிடுகிறது. எங்கள் மலையில் பல இடங்களில் இன்னும் பழைய பதிப்புதான் ஓடுகிறது. ஆகவே கிளியர் கட்டளையையும் அட்டவணையில் சேருங்கள், எந்தப் பதிப்பு என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு வந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், அடிக்கும் முறை, விளக்கம் என்று தலைப்புகள் இருக்கும். கடைசியில் ‘பக்ஸ்’ என்று ஒரு தலைப்பும் ‘ஓனர்’ என்று ஒரு தலைப்பும் இருக்கும். குறைகள், பொறுப்பாளர். தாங்கள் எழுதிய கட்டளையில் என்ன குறை இருக்கிறது என்பதை அவர்களே அச்சில் போட்டார்கள், கேள்வி இருந்தால் யாரைக் கேட்பது என்பதையும் போட்டார்கள். குறைகளை எழுதும் அந்த வழக்கத்தை இன்றும் பல கையேட்டுப் பக்கங்களில் பார்க்கலாம். உங்கள் அட்டவணையின் அடியிலும் இந்த இரண்டு வரியும் வேண்டும். பிழை கண்டால் எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியாததால்தான் நான் ஆசிரியருக்கே எழுத வேண்டியதாயிற்று.

பேப்பரில் வருவதை யார் பார்த்துக் கட்டளை அடிக்கப் போகிறார்கள், எல்லாரும் இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லலாம். சமவெளியில் அது சரியாக இருக்கலாம். இங்கே மழை பிடித்தால் ரோடும் கேபிளும் சேர்ந்தே போகும். சர்வர் கெடுவதும் அதே இரவில்தான். அந்த நேரத்தில் கையில் இருப்பது சுவரில் ஒட்டிய தாள் மட்டும். ஊட்டி, கூடலூர், கோத்தகிரி என்று இந்த மலையில் சின்னச் சின்ன சர்வர் அறைகளில் தனியாக உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் ஒரு இடத்துக்கு ஒரே ஆள்தான். அவர்களில் நாலு பேராவது உங்கள் பக்கத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள், எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். நாலு பேரிடமும் இருபத்தெட்டாவது வரியைக் கோடு போட்டு நீக்கிவிடச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாதவர்கள் எத்தனை பேர் ஒட்டியிருக்கிறார்களோ, அவர்களுக்கு உங்களால்தான் சொல்ல முடியும்.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது, அச்சுக்குப் போவதற்கு முன் ஒருவரைப் பழைய கம்ப்யூட்டர் இரண்டில் ஒரு சோதனைக் கிளஸ்டர் போட்டு, பக்கத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டளைகளை எழுதியவர் அதைச் செய்யக் கூடாது. அவருடைய கை தானாகவே சரியானதை அடித்துவிடும். புதிதாகக் கற்கும் ஒருவர் அடிக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் எங்கள் பிள்ளைகள் இருவரும் தயாராக இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். முப்பத்தாறு வரிகளையும் திருத்தித் தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்.

ரேக் கதவில் உங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை. இருபத்தெட்டாவது வரியின் மேல் மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருக்கிறேன். திருத்தம் வந்த இணைப்பு கைக்குக் கிடைத்ததும் அதைக் கத்தரித்து அந்த இடத்தில் ஒட்டுவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்